பதினொன்றாம் வளைவு

கொண்டை ஊசி என்று இந்த ரோட்டுக்குப் பெயர் வைத்தவர்
தலையைப் பின்னிக்கொண்டே பாலையும் பார்த்தவராக
இருக்க முடியாது.
என் முந்தானையில் இப்போதும் ஒன்று செருகியிருக்கிறது.
கிளம்புகிற அவசரத்தில் கொண்டையில் குத்தவேண்டியது,
கோரிமேடு தாண்டியும் குத்தவில்லை.

முதல் ஷிப்ட் முடிந்து
இரும்பாலையிலிருந்து வந்தவர் குளித்து
நாங்கள் ஏறும்போது நாலே கால்.
கல்யாண நாள். பாசிப்பச்சைப் பட்டு.
"மலைக்கு எதுக்குப் பட்டு?" என்றாள் ஓரகத்தி.
வேறு எதுக்குத்தான் கட்டுவது, சொல்லுங்கள்.

மூன்றாம் வளைவிலேயே
நிவிக்ஷா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.
அது நல்ல குறி இல்லை.
அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் கேட்டு அடம்பிடித்தபோதே
நான் மறுத்திருக்க வேண்டும்.

மாதேஷ் ஓட்டும்போது பேச மாட்டார்.
வளைவு வந்தால் கியரை இறக்குவார்,
தொண்டையைச் செருமுவார்.
கேட்டதற்கெல்லாம் அந்தச் செருமலைத்தான்
பதினோரு வருஷமாகப் பதிலென்று எடுத்துக்கொள்கிறேன்.
சில நாள் 'சரி' என்று.
சில நாள் 'உன் இஷ்டம்' என்று.

ஜெகதா அக்காவிடம் சாவி கொடுத்தேனா?
இன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாள்.
உடம்பு எட்டாம் வளைவில் சாய்கிறது.
மனசு அம்மாபேட்டையில்
தொட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கிறது.

பதினொன்றில் "நிறுத்துங்க" என்றேன்.
சொல்லி முடிப்பதற்குள்
என் கை எனக்கு முன்பே போய் அவள் வாய்க்கடியில் நின்றது.
கை கொள்ளாததைப் பட்டு வாங்கிக்கொண்டது.
பச்சையில் பீட்ரூட் சிவப்பு.
நெய்கிறவர்கள் யாரும் துணிந்து சேர்க்காத நிறம்.

குரங்குகள் வந்து
கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தன.
அவர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தார்,
நான் கழுவினேன்.
"எனக்கு மட்டும் ஏம்ப்பா வருது?"
"எனக்குந்தான் வரும்.
ஓட்டுனா கொஞ்சம் தாங்கும்.
உங்கம்மாவ மொதல்ல கூட்டியாந்தப்ப
இதே எடம். அந்தப் பாறைக்குப் பின்னால."

நான் பலகையைப் பார்த்தேன். 11/20.
எனக்கு மறக்காத எண்.
அன்றைக்கு அவருடைய நண்பர் காரில் வந்தோம்.
"சிக்னல் கெடைக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று போனவர்
கால்மணி நேரம் வரவில்லை.
தாலிக்கயிற்று மஞ்சள் கழுத்தில் ஈரமாக இருந்தது.
ஒரு குரங்கு என் பூவைப் பிடுங்கித் தின்றது.
பூ போனதற்கு நான் அழவில்லை.
யாருக்கோ போன் பேசப் போயிருக்கிறார்,
இவர் இப்படித்தான், விட்டுவிட்டுப் போகிறவர்
என்று அங்கேயே எழுதி முடித்துவிட்டேன்.

பிறகு எத்தனை சண்டையில் அதை எடுத்து நீட்டியிருக்கிறேன்.
பிரசவ வார்டில் கையெழுத்துக்குத் தேடியபோது
டீ குடிக்கப் போயிருந்தாரே, அன்று.
சீட்டுப் பணத்தைக் கேட்காமல் அவர் தங்கைக்குக் கொடுத்தாரே, அன்றும்.
"மலையிலயே விட்டுட்டுப் போனவர்தானே நீங்க!"
ஒவ்வொரு முறையும் செருமினார்.
இருந்தது ஒரே சாட்சி.
அதுவும் இன்று
பாறைக்குப் பின்னாலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு
எழுந்து வந்து
எதிர்த்தரப்பில் உட்கார்ந்துவிட்டது.

"ஏன் சொல்லல?"
"புதுசு இல்லியா" என்றார்,
குரங்கைப் பார்த்துக்கொண்டு.

அந்த டீயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.
அது தனிக் கணக்கு.

முந்தானை ஊசியை எடுத்து
வாந்திப் பையின் வாயைச் சுருட்டிக் குத்தினேன்.
நன்றாகவே பிடித்தது.
கீழே சேலத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள்.
நிவிக்ஷா எங்கள் வீட்டைத் தேடினாள்,
ஏதோ ஒன்றைக் காட்டி "அதுதான்" என்றாள்.
இருக்கட்டும் என்றோம்.

பன்னிரண்டு.
கியர் இறங்கியது. செருமல்.
சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்த எலுமிச்சையைத் துழாவி எடுத்து
புடவையின் சுத்தமான பக்கம் பார்த்துத் துடைத்து
பின்னாலிருந்து அவர் மூக்கருகே நீட்டினேன்.
திரும்பாமல் முகர்ந்தார்.
"ஜெகதாவுக்கு ஒரு போன் போடு,
மோட்டர் போட்டுச்சான்னு கேளு."
போனைத் தூக்கிப் பார்த்தேன்.
சிக்னல் இல்லை என்றேன்.
நிஜமாகவே இல்லை.